வெள்ளிக்கிழமை எடுத்த அளவு

ஹாஜராவுக்கு நிக்காஹ் ஆகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதில் புருஷனோடு இருந்தது எல்லாம் சேர்த்து இருபது நாள் தேறும். கொடிமலைக்கு ரயில் விட்ட பிறகு மேலே குடியேறிய ஒரு துரையின் பங்களாவில் அவள் புருஷன் அப்துல் அஜீஸ் சமையல் பார்க்கும் குசினிக்காரர். வெள்ளிக்கிழமை காலையில் இறங்கி வருவார். கீழே சூலியா தெருச் சந்தில் ஹாஜரா இருந்த வீட்டில் குளித்து, ஜும்மாவுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். முதல் மனைவி மௌத்தாகி ஆறு வருஷம் தனியாகவே இருந்தவருக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது. அவளுக்கோ கூச்சம். சோறு வைக்கவா, ம், வர்றேன் என்பதோடு அந்த நாள் முடிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் விடாமல் இருமினார்.

"மேல ரொம்பக் குளிருதுங்களா?"

"விடியக்காலம் அடுப்பு பத்துற வரைக்கும்தான். பழகிப்போச்சு."

ஹாஜரா தொழுகைத் தொப்பி பின்னுகிறவள். உச்சியில் எட்டிதழ்ப் பூ வைத்து அவள் பின்னும் தொப்பிக்கு அந்தப் பக்கத்தில் நல்ல பெயர். ஆனால் அவளுடைய குரோஷா ஊசி பருத்தி நூலைத்தான் அறியும். தலையைவிடப் பெரிய எதையும் அவள் பின்னியதில்லை. அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னுவது என்று முடிவு செய்தாள். அடுப்படியில் நிற்கிறவரின் சட்டைக்குக் கை வைத்தால் நெருப்புப் படும், கையில்லாமலே பின்னலாம். சாம்பல் நிறத்தில் கம்பளி நூலும், பூவுக்குச் சிவப்பும் வாங்கினாள்.

அளவு கேட்கத்தான் வாய் வரவில்லை. அவருடைய மாற்றுச் சட்டைகள் எல்லாம் மலையில், இங்கே இருப்பது அவர் உடம்பில் போட்டிருப்பது ஒன்றுதான். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் படுத்ததும் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு நூலை எடுத்துத் தோளுக்குத் தோள் பிடித்தாள், முடிச்சுப் போட்டாள். மார்புக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. முதுகுப் பக்கத்துக்கு அதையே இரட்டித்துக்கொள்ளலாம்.

மூன்று வாரம் பின்னினாள். தொப்பி உச்சியைப் போலவே சிவப்புப் பூக்களை ஒவ்வொன்றாகப் போட்டு, சுற்றிச் சாம்பல் கட்டம் கட்டி, கட்டங்களைக் கண்ணியோடு கண்ணி கோத்தாள். பின்னி முடித்ததை ஒரு வெள்ளிக்கிழமை அவர் முன்னால் வைத்தாள். அவர் எடுத்துத் தலை வழியாகப் போட்டார். மார்பு வரை இறங்கியது. அதற்குக் கீழே வரவில்லை.

ஹாஜராவின் முகம் சுருங்கிவிட்டது. "சரியாத்தானே அளந்தேன்," என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உளறிவிட்டது தெரிந்தது.

"நீ சரியாத்தான் அளந்தே," என்றார் அவர். "நான்தான் வயித்த எக்கிக்கிட்டேன்."

"முழிச்சிருந்தீங்களா?"

"நீ பக்கத்துல வந்து உக்காந்ததுமே முழிச்சுட்டேன். அசைஞ்சா எந்திரிச்சுப் போயிடுவியோன்னு மூச்ச அடக்கிட்டுக் கெடந்தேன்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பிறகு கைகளை உயர்த்திக்கொண்டு நின்றார், நன்றாக மூச்சு விட்டபடி. நூலைச் சுற்றிக் கொண்டுவர அவள் இரண்டு கைகளாலும் அவரை வளைக்க வேண்டியிருந்தது. அவசரப்படாமல் அளந்தாள்.

கடையில் சாம்பல் நூல் தீர்ந்துபோயிருந்தது. கிடைத்த பச்சையில் இரண்டு பட்டை பின்னி விலாப்பக்கம் சேர்த்தாள். அவர் அதையே போட்டுக்கொண்டு மலையேறினார். பங்களாவின் துரைசாணி அந்தப் பச்சைப் பட்டைகளைத்தான் புதுமாதிரி என்று மெச்சினாளாம். அதை அடுத்த வாரம் வந்து அவரே சொன்னார், கேட்காமலேயே.

அந்த வருஷக் கடைசியில் துரை குடும்பம் சீமைக்கு லீவில் போனது. பங்களாவைப் பார்த்துக்கொள்ள அவர் மட்டும் இருக்க, ஹாஜராவையும் மேலே அழைத்துப் போனார். ரயில் செங்குத்தாக ஏறியபோது அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். விடிந்ததும் குசினி ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்தது. அவர் அடுப்பைப் பற்றவைத்து அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். முதல் மனைவியின் பெயரை அவள் அன்றுதான் கேட்டாள். ஹபீபா என்றார். அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஹாஜரா கேட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது, அவர் சொல்லிக்கொண்டே மறுபடியும் சுடவைத்தார்.