ஆடிப்போன படம்

எங்கள் ராயபுரத்துச் சந்துக்குள் படக்காரர் வந்தால் பிள்ளைகள் நாங்கள் விளையாட்டை நிறுத்திவிடுவோம். மூன்றுகால் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் எந்த வீட்டுக்குள் நுழைகிறாரோ, அந்த வீட்டில் பிணத்தை நாற்காலியில் உட்கார்த்தி, மாலை போட்டு, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பொழுது சாய்வதற்குள் பாடை கிளம்பும். பாடை கிளம்பாத வீட்டுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. உயிரோடு இருப்பவர்கள் அவருடைய கடைக்கே போய் எடுத்துக்கொள்வார்கள் என்பதை ஏழு வயதில் எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் வருவதால்தான் ஆள் சாகிறார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்த நைனாதான் கூட்டிவந்திருந்தார். தம்பி பிறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. அவனைப் படம் எடுத்தே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். "பச்சப்புள்ளைய யாராச்சும் படம் புடிப்பாங்களா? ஆயுசு கொறஞ்சிடும்" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நைனாவும் படக்காரரும் முற்றத்தில் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா புடவை மாற்றப் போனாள். தூளியில் தூங்கியவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். மீன்பிடிக்கப் போகும் மாமா அங்கே வலையைக் குவித்து வைத்திருந்தார். அதன் நடுவில் குழி பண்ணி, பழந்துணி விரித்து அவனைக் கிடத்திவிட்டு, நல்ல பிள்ளையாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

வெறும் தூளியைப் பார்த்ததும் அம்மா போட்ட கூச்சலை நான் அதுவரை கேட்டதில்லை. மாமா சந்துக்கு ஓடினார். நைனா கிணற்றை எட்டிப் பார்த்தார். "கொயந்த எங்கடி?" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றேன். கடைசியில் தம்பியே பின்பக்கத்திலிருந்து வீறிட்டு என்னைக் காட்டிக்கொடுத்தான். அந்த அழுகை எல்லோர் வயிற்றிலும் பால் வார்த்தது. மீன் நாற்றத்தோடு அவனை வாரியெடுத்து அம்மா சிரித்தாள், உடனே அழுதாள்.

"இன்னாத்துக்குடி இப்பிடிப் பண்ண?" என்றார் மாமா.

"இவரு வந்தா செத்துப்பூடுவாங்கல்ல?" என்று படக்காரரைக் காட்டினேன்.

அடி விழும் என்று கண்ணை இறுக்கி மூடினேன். யாரும் அடிக்கவில்லை. படக்காரர் தரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "இந்தத் தபா அப்பிடி இல்லடி" என்றாள்.

பால் குடித்ததும் தம்பி மறுபடி தூங்கிவிட்டான். "தூங்கறப்பவே எடுத்தா ஆடாம வரும்" என்றார் நைனா. "வோணாம். கண்ணத் தொறந்துகினு கீறப்பதான் எடுக்கணும்" என்றாள் அம்மா. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சிடுமூஞ்சி என்று பேரெடுத்த படக்காரர், "இருக்கட்டும்மா, நான் குந்திகினு கீறேன்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா தகர டப்பாவைத் தட்டித் தட்டி ஒருவழியாக அவனை எழுப்பினார்.

நாலு நாளில் படம் வந்தது. கண் இரண்டும் பளிச்சென்று திறந்திருந்தன. வலது கை மட்டும் ஆடிப்போய் மூன்று கையாகத் தெரிந்தது. "இன்னொரு தபா எடுத்துத் தர்றேம்மா" என்று படக்காரரே வெட்கப்பட்டுச் சொன்னார். "ஆடுனா இன்னா? எனக்கு இதே போதும்" என்று அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்த மட்டமான படத்துக்கா இத்தனை சந்தோஷம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோதுதான், அவனையும் படம் எடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு துணிச்சுருளைக் கையில் கொடுத்தாள். தம்பியின் மூன்று கைப் படத்தோடு இன்னொன்றும் அதில் இருந்தது. "உனுக்கும் தம்பிக்கும் நடுவுல பொறந்தவ. அப்ப உனுக்கு ரெண்டு வயசு. நாலு நாள்தான் இருந்தா" என்றாள். பூக்களுக்கு நடுவில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள் அவள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்தப் படம் துளிகூட ஆடியிருக்கவில்லை.