வெள்ளிக்கிழமை அங்கே, ஞாயிற்றுக்கிழமை இங்கே

பாஸ்டர் பெண்டாட்டி என்பது யாரும் மனுப் போட்டுச் சேருகிற வேலை இல்லை. தாலி கட்டின அன்றைக்கே கூடச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. சித்தூர் ஜில்லாவில் எங்கள் குடுபல்லிப் பக்கத்துப் பெண்கள் வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போக ஆரம்பித்த காலத்தில், அங்கே அவர்களுக்கு வசனம் சொல்ல ஆள் வேண்டும் என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். “ரெண்டே வருஷம்” என்று சொல்லிவிட்டுப் போனார். பதினாலு குடும்பமுள்ள சபையும் எட்டு மாசப் பெண் குழந்தையும் என் கையில் நின்றன. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பலமனேரிலிருந்து ஒரு போதகர் வருவார். மற்ற வாரங்களில் பாட்டு எடுத்து, பைபிளில் ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபத்துக்கு விடுவது நான்தான்.

ரெண்டு வருஷம் முடிந்தால் வந்துவிடுவார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளினேன். புருஷனை ஊழியத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கச்சிகளே, இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதியும் நடக்கும்.

வழியனுப்புக் கூட்டம்

அவர் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு சித்தூரிலிருந்து ஒரு பெரிய பாஸ்டர் வந்து, அவருக்குச் சால்வை போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “அம்மா ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுவாங்க” என்றார். என்னிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. சாட்சிக்கும் கேட்கவில்லை, அவரை அனுப்புவதற்கும் கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய பாஸ்டர் சபையைப் பார்த்துச் சிரித்தார். “பாருங்க, சந்தோஷத்துல அம்மாவுக்குப் பேச்சே வர்ல.”

பிடி அரிசி

எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து எல்லாரும் ஒரே பையில் கொட்டுவார்கள். அதுதான் பாஸ்டர் வீட்டுச் சாப்பாடு. ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், இன்னொரு வீட்டில் சன்னப் பச்சரிசி. இதை ஒரே பானையில் போட்டு வடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சரிசி குழைந்து கஞ்சியாகும்போது புழுங்கல் பல்லில் கடிபடும். அவர் இருந்தவரைக்கும், “இன்னிக்கும் பதினாலு ஊட்லயும் துன்னுட்டேன்” என்று சொல்லிச் சொல்லித் தின்பார். குழந்தை துப்பிவிடும்.

ரொம்ப நாள் யோசித்து, ஒருநாள் சபையில் மூத்தவளான கமலம்மாவிடம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். புழுங்கலை ஒரு பையிலும் பச்சரிசியை ஒரு பையிலும் போட்டால் குழந்தைக்கு வடிக்க வசதியாக இருக்கும் என்றேன். கமலம்மா கோபப்படவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கல்யாணத்தில் வாசிக்கிற வசனத்தை எடுத்து மெதுவாகத்தான் சொன்னாள்.

“ஆண்டவரு ஒன்னா சேத்தத நாம பிரிக்கலாமாம்மா?”

பூத்தில் போன்

சனிக்கிழமை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு அவர் போன் செய்வார். நான் தனியாக நின்று பேசினதே இல்லை. குவைத்தில் பெண்டாட்டியோ தங்கச்சியோ இருக்கிற ஆறேழு ஆம்பளைங்க எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருப்பார்கள். ஒருத்தனுக்குப் பெண்டாட்டி பல்வலி நின்றதா என்று தெரியவேண்டும். ஒருத்தனுக்கு, அனுப்பின நிலப் பத்திரத்தில் அவள் கைநாட்டு வைத்தாளா என்று கேட்கவேண்டும். எல்லாருக்கும் அவர் நிதானமாகப் பதில் சொல்வார். கடைசியில் போன் என் கைக்கு வரும். சுற்றி அத்தனை பேரும் என் வாயையே பார்ப்பார்கள்.

“நல்லா கீறியா?” என்பார். “ம்.” “பாப்பா?” “ம்.” எப்போது வருவீர்கள் என்பதை மனசில் எழுதி வைத்துக்கொண்டு போயிருப்பேன். அதையும் ‘ம்’ ஆகவே சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

பூத்துக்காரருக்கே ஒருநாள் பொறுக்கவில்லை. “இன்னாம்மா நீ, கடல் தாண்டி ஒரு மனுசன் பேசறாரு, நீ மாடு மாதிரி உம்முனு சொல்லிட்டுப் போறியே.”

செல்வி கிளம்பினாள்

முதல் வருஷத்திலேயே எங்கள் சபையிலிருந்து ஐந்து பெண்கள் குவைத்துக்குப் போனார்கள். ஐயா அங்கே இருக்கிறார் என்ற தைரியம். பெண்கள் பக்கம் விரிக்கிற பாயில் ஒன்றைச் சுருட்டி வைத்துவிட்டேன். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு, வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. எங்கள் சபைப் பெண்கள் வாராவாரம் அவர் முன்னால் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டார்கள். ஆளுக்கொரு குழம்பு கொண்டுபோவார்களாம். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி, எங்கள் சபைத் தேவராஜ் பெண்டாட்டி செல்வி, கிளம்புகிற அன்று ஜெபம் பண்ணிக்கொள்ள வந்தாள். புதுச் செருப்பு, புதுப் பை. நான் தலையில் கைவைத்து ஜெபித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

“ஐயாவுக்கு எதுனா சொல்லணும்னா எங்கிட்ட சொல்லுங்கம்மா, நான்தான் வாராவாரம் பாக்கப் போறேனே.”

கேசட்

செல்வி ஒரு டேப்ரிக்கார்டரும், அவர் பிரசங்கம் பதிந்த கேசட்டும் கொடுத்தனுப்பினாள். தேவராஜ் வீட்டில் சபை முழுக்கக் கூடிக் கேட்டது. முதலில் பாட்டு. பிறகு அவர் குரல். ஆபிரகாமைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று என் பேச்சை எடுத்தார். கைக்குழந்தையோடு என் மனைவி சிரித்த முகமாக என்னை அனுப்பி வைத்தாள், அந்தத் தியாகத்தால்தான் இன்று இங்கே நிற்கிறேன் என்றார். கேசட்டுக்குள் பெண்கள் அல்லேலூயா என்றார்கள். இங்கே எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

கமலம்மாதான் வாயைத் திறந்தாள். “எப்பம்மா சிரிச்ச நீ? நாங்கெல்லாம் அங்கதான இருந்தோம்.”

ஜெபக் குறிப்பு

ரெண்டு வருஷம் முடிய ஒரு மாசம் இருக்கும்போது போனில் சொன்னார். அங்கே இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். “நான் ஒன்னும் சொல்லல. நம்ம சபையில ஜெபத்துக்கு வை. சபையில என்னா சொல்றாங்களோ அதான் தேவ சித்தம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் நான் எழுந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அதற்குமேல் என் வாழ்நாளில் முதல்தடவையாக, யாரும் கேட்காமலே, “எனக்கு அவரு வரணும்” என்றும் சொன்னேன்.

பிறகு தேவராஜ் முழங்கால் போட்டான். நாலு மாசத்துக்கு முன்னால் செல்வியை வேலைக்கு வைத்திருந்த வீட்டில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, அவளை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் மூன்று நாள் அந்த வாசலில் போய் நின்று, பேசி, அவளை வேறு நல்ல வீட்டில் சேர்த்தார். அதைச் சொல்லிச் சொல்லி அழுது, ஐயாவை அங்கேயே வையும் ஆண்டவரே என்று ஜெபித்தான். பதினாலு குடும்பமும் ஆமென் என்றது. எனக்கு மட்டும் ஆமென் வரவேண்டிய இடத்தில் இருமல் வந்துவிட்டது. தேவராஜ் செய்தது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் கேட்டது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பூத்தில் அதே ஆம்பளைங்க நின்றார்கள். இந்தத் தடவை நான் ‘ம்’ சொல்லவில்லை. அவர்களுக்குக் கேட்கும்படியே, “சபை உங்கள இருக்கச் சொல்லுது. நான் வரச் சொல்றேன்” என்றேன். கோபப்படுவாரோ என்று பார்த்தேன். குரல் பிரசங்கக் குரல் போல அன்பாகத்தான் வந்தது.

“நீயும் சபையில ஒருத்திதானம்மா.”

போனவருக்காவது விசாவில் முடியும் தேதி என்று ஒன்றை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். இங்கே இருக்கிற நம் வேலைக்கு அந்தச் சீட்டுகூடக் கிடையாது.