எஸ்எஸ்டிக்கு எது முந்தானை?

1. டக் டக்

சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளே, ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று அடித்தால் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணாதீர்கள். முதலில் காப்பி எடுங்கள்.

அந்தச் சத்தத்தை நான் போனிலேயே கேட்டேன். பேசியவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் மூர்த்தி. வீட்டிலேயே பட்டுத்தறி ஓட்டுகிறவர். கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனைப் பென் டிரைவில் கொண்டுபோய்ச் சொருகினால், எந்த இழையைத் தூக்குவது என்று பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு தறி. வரைவது அவர் மனைவி செல்வி.

"பாய், லேப்டாப்பு டக்கு டக்குனு அடிச்சிக்கினு இருக்குது. செல்வி அழுதுக்கினு இருக்குது. சீக்கிரம் வாங்க பாய்!"

அழாமல் என்ன செய்யும்? அதுவரை செல்வி வரைந்ததெல்லாம் கடைக்காரர்கள் கொடுத்த பழைய சேலைகளைப் பார்த்து. இதுதான் சொந்தமாக யோசித்து வரைந்த முதல் டிசைன். உடம்பெல்லாம் மல்லிமொக்கு, பார்டரில் ஜோடி அன்னம். ஒரு கல்யாண வீட்டார் திரையில் பார்த்தே முகூர்த்தச் சேலைக்குச் சரி சொல்லிவிட்டார்கள். தறியில் பாவு நூலும் ஏற்றியாகிவிட்டது. டிசைனோ அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், "இன்னொரு காப்பி எங்கம்மா?" என்றேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் திட்டுவதற்கு நேரமில்லை.

2. புதுச் சாமான்

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போட, பபுள்கம் பட்டை அளவில் ஒரு எம்.2 எஸ்எஸ்டி கொண்டுபோயிருந்தேன். அதை யுஎஸ்பி கேஸில் போட்டு, பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய விட்டேன். மூவரும் திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோடு நின்றால் எங்கள் மூச்சும் நின்றது. ஒருவழியாகக் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. அடுத்த நிமிடமே பழைய டிஸ்க் 'கிர்ர்' என்று இழுத்துவிட்டு மௌத்தாகிப்போனது.

"பொழச்சோம்டா சாமி!" என்று மூர்த்தி என்னைக் கட்டிப்பிடித்தார். கேஸிலிருந்து நான் கழற்றி வைத்த எஸ்எஸ்டியைச் செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையில் எடுத்தது. "புதுச் சாமானு பாய். ஒரு நிமிசம் சாமிகிட்ட வெச்சி எடுத்தாறேன்."

"தாராளமா வெச்சி எடுத்தாம்மா" என்றேன். சந்தோஷத்தில் மனுஷன் எதற்குத்தான் தலையாட்ட மாட்டான்?

லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரை எடுத்து, செத்த டிஸ்க்கையும் வெளியே எடுத்து வைத்தேன். செல்வி கொண்டுவந்து கொடுத்ததை, மூர்த்தியிடம் பெருமையடித்துக்கொண்டே வாங்கி ஸ்லாட்டில் சொருகி, குட்டி ஸ்குரூவை முடுக்கினேன். பேட்டரியை மாட்டி, பவர் பட்டனை அழுத்தினேன்.

டிரைவே இல்லை என்றது லேப்டாப். லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. யா அல்லா! பழையது செத்துப்போச்சு, புதியது காணோம். ஜோடி அன்னத்துக்கு எங்கே போவேன்?

3. ஜரிகைப் பக்கம்

ஆஃப் செய்து, பேட்டரியைப் பிரித்து, எஸ்எஸ்டியைக் கழற்றினேன். மேல்பக்கம் பளிச்சென்று இருந்தது. திருப்பினேன். ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிற முனையில் அழகாக ஒரு வட்டச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"யாரும்மா இது!" என் குரல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"நான்தான் பாய். புதுச்சேலைன்னா முந்தானை மூலையில பொட்டு வெப்போமில்ல? இதுல ஜரிகை மாதிரி இருந்தது அந்தப் பக்கம் ஒன்னுதான். அதான் முந்தானைனு நெனச்சி..."

"சரியாத்தானே சொல்லுது?" என்றார் மூர்த்தி. வந்த கோபம் அப்படியே சிரிப்பாகிவிட்டது. ஈரச் சந்தனத்தில் ஷார்ட் ஆகியிருந்தால் எல்லாம் போச்சு.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, மெல்லிய பிரஷ்ஷால் முனையைத் துடைத்தேன். ஸ்லாட்டையும் துடைத்தேன். டார்ச் பிடித்தது மூர்த்தி.

"செவுத்துக்கு இன்னாத்துக்குயா லைட்டு அடிக்கற? ஸ்லாட்டுக்கு அடி!" என்று கத்தினேன்.

நன்றாகக் காயவிட்டு, பிஸ்மில்லா சொல்லிச் சொருகினேன். செல்வி காமாட்சி அம்மனைக் கூப்பிட்டது. பவர் போட்டேன்.

அந்த வீட்டில் லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுத்தான் டீ போடப் போவார்கள். டீ குடித்து முடிக்கையில்தான் டெஸ்க்டாப் வரும். பழக்கதோஷத்தில் செல்வி அடுப்படிப் பக்கம் திரும்பியது. அது வாசற்படியைத் தாண்டுவதற்குள் டெஸ்க்டாப் வந்து, நான் ஃபைலையும் திறந்துவிட்டேன்.

"செல்வி! அன்னம்!" என்று அலறினார் மூர்த்தி.

ஓடிவந்து பார்த்த செல்வி, "அடுப்புகூட பத்த வெக்கலியே பாய்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மூர்த்தி லேப்டாப்பை மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். முதல் வேலையாக இரண்டு பென் டிரைவில் காப்பி எடுக்க வைத்தேன்.

4. பாடம்

இப்போதெல்லாம் எஸ்எஸ்டியைக் கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "தங்கப் பக்கம் தொடாதீங்க. பொட்டு வெக்கணும்னா லேப்டாப் மூடி மேல வெச்சிக்குங்க." தெரியாதவர்களிடம் கோபப்பட்டு லாபமில்லை. எது எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே காட்டிவிடுவது நம் வேலை.

இதையெல்லாம் பெரிய மனுஷன்போல எழுதுகிறேன். சேலையைத் தறியிலிருந்து அறுத்த அன்று செல்வி என்னைக் கூப்பிட்டிருந்தது. அரக்குப் பட்டில் ஜோடி ஜோடியாக அன்னம் நீந்துவதைக் குனிந்து குனிந்து பார்த்தேன். செல்வி சேலையை மடித்து என் முன்னால் வைத்தது.

"பாய், இதுல முந்தானை எதுனு காட்டுங்க பாப்போம்."

காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா? ஜரிகை மினுக்கிய முனையை டக்கென்று தொட்டேன்.

"ஐயோ பாய், அது ஜாக்கெட்டுத் துணி!"

"இல்லம்மா... ஜரிகை இருந்துச்சி... அதான் முந்தானைனு நெனச்சி..." என்றேன்.