ஏலத்தில் எடுத்த சேவல்

லுத்தரன் போர்டிங் பள்ளியில் என்னைக் கொண்டுபோய் விட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. ஊழியத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற பள்ளி அது. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். வருங்கால ஐயர்மார் எல்லோரும் ஒரே ஹாலில், தகரப் பெட்டிகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தோம். எங்களில் யாரை ஆண்டவர் அழைத்தார், யாரை வீட்டார் அனுப்பினார்கள் என்பது அவருக்கே வெளிச்சம்.

என்னை அனுப்பியது அம்மாவின் பொருத்தனை. புற்றுநோயோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் மகனை ஊழியத்துக்குக் கொடுத்துவிடுவதாக வேண்டிக்கொண்டாள். பிழைத்தாள். நான் போனேன். அறந்தாங்கியில் பஸ் ஏற்றிவிட வந்த பெரியப்பா, "என்னடா, நேந்துவிட்ட கிடா மாதிரி முழிக்கிற?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊழியம் கெட்டது என்றில்லை. எனக்கு வீடு வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டன் சாரின் போனில் அம்மா பேசுவாள். பிறகு சில வாரங்களாக அப்பாதான் பேசினார். அம்மா தூங்குகிறாள் என்பார். பகலில் தூங்க அவளுக்கு நேரம் கிடைக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

பள்ளிக் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாகப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், பலாப்பழம், ஆட்டுக்குட்டி என்று போகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொடுத்தவர்களே ஏலத்தில் நின்று கேட்டு, தங்கள் பொருளைத் தாங்களே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஆண்டவருக்குப் பணம் போய்விடும், பொருள் வீட்டுக்கு வந்துவிடும். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வழி திறந்துகொண்டது. நானும் காணிக்கைதானே?

அப்பா அன்றைக்கு அம்மா வளர்த்த செவலைச் சேவலோடு வந்திருந்தார். சவரம் செய்யாத முகம். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"என்னையும் ஏலத்துல எடுத்துருங்கப்பா. வீட்டுக்கு வந்துடுறேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்தார்.

"அப்பிடியெல்லாம் வாயில சொல்லாதடா. ஒங்கம்மா இருக்கணும்ல?"

அதற்குள் வார்டன் சார் சேவலைத் தூக்கிப் பிடித்து, "ஒரு தரம்" என்று ஆரம்பித்துவிட்டார். புரோட்டாக் கடைக்காரர் ஒருவர் விடாமல் கேட்டார். அப்பாவும் விடவில்லை. கறிக்கடையில் ஒரு ஆட்டுத் தொடையே வாங்கியிருக்கலாம், அவ்வளவு தூரம் ஏற்றி, அந்தச் சேவலை எடுத்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் ஊர் வழியாகப் போகும் கீரமங்கலம் பஸ்ஸில் ஏறினார். ஜன்னலில் சேவலின் தலைதான் தெரிந்தது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு சேவலுக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லையே என்று பள்ளி வாசலில் நின்று அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அம்மா போய்விட்டாள். அடக்கம் முடிந்ததும், அழுகைக்கு நடுவிலும் ஒன்று தோன்றியது. பேச்சை ஆண்டவரே மாற்றிவிட்டார், இனி நான் எதற்கு? ஆனால் பள்ளி திறந்த அன்று அப்பாவே என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"ஒங்கம்மா குடுத்ததுப்பா. நான் எப்பிடித் திருப்பிக் கேக்குறது?" என்றார்.

கொல்லையில் அந்தச் சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் அறுக்கவில்லை.

நோய் திரும்பி வந்து, ஏலத்துக்கு முன்பே டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்பதும், பொருத்தனையை மீறி என்னைக் கூட்டிக்கொண்டு போனால் அம்மா உடனே போய்விடுவாள் என்று அப்பா நடுங்கினார் என்பதும், திருப்பிக் கேட்க முடிந்த ஒன்றையாவது கேட்டு வாங்கினார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. சேவலை ஓங்கி ஓர் உதை விட்டுவிட்டு, பெட்டிக்குப் பின்னால் நடந்தேன்.