ஆடிட்டருக்காக உடைத்த உப்புக் குவியல்

பத்து ஏக்கருக்குக் குறைந்த உப்பளத்துக்கு லைசென்ஸும் தேவையில்லை, கணக்கு கேட்டும் யாரும் வர மாட்டார்கள். மரக்காணத்தில் நாங்கள் எல்லோரும் அப்படிப்பட்ட சின்ன ஆட்கள்தான். வியாபாரி சொன்னதே விலை. அந்த எரிச்சலில்தான் எழுபதுகளில் ஒன்றாகச் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் வைத்தோம்.

சேர்ந்ததும் பெரிய ஆட்களாகிவிட்டோம். கணக்கைத் தணிக்கை செய்ய ஆடிட்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. சங்கத் தலைவர் மிரண்டுபோனார். "சின்னதா தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவாருங்க" என்றார். அதையும் நம்பி, சங்கத்தின் ஒரே பெரிய உப்புக் குவியலை நாள் முழுக்க வெட்டிச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் போட்டோம். புத்திசாலிகள்!

மறுநாள் வந்த ஆடிட்டர் வெயிலில் ஒவ்வொரு குவியலாக டேப் பிடித்து அளந்தார். "ஏங்க, ஒண்ணா இருந்தா ஒரு தரம் அளந்துட்டுப் போயிருப்பேனே!" என்று கத்தினார். தலைவர் உண்மையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "சின்ன ஆளுகிட்ட யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க, சரி. பேங்க்ல கடன் யாருங்க குடுப்பாங்க? தணிக்கை பண்ணுன கணக்கைப் பார்த்துதான் குடுப்பாங்க."

அவர் பஸ் ஏறியதும் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகக் குவித்தோம். அதுவரை சங்கத்துப் பக்கமே வராத பக்கத்து அளத்துக்காரர், ஆடிட்டர் சொன்ன கடன் பேச்சை வரப்பில் நின்று கேட்டவர், தலையில் உப்புக் கூடையோடு வந்து நின்றார்.

"என்னுதையும் இதுலயே கொட்டட்டுமா?"