பிளாஸ்திரி சுற்றிய மோதிரம்

சோதனை முடிவு மின்னஞ்சலில் வந்தபோது நான் அரவேணுவில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு லீவில் வந்திருந்தேன். நல்ல மழை. சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கோப்பு திறப்பதற்குள் இரண்டு விரல் நகத்தைக் கடித்துத் துப்பிவிட்டேன். திறந்தது. பதினோராவது மாதிரிக்கு நேரே இருந்த எண், அதற்கு மேலும் கீழும் இருந்த எண்களைவிடப் பல மடங்கு பெரியது. "அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

அரியலூர்ப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் பாறை அடுக்குகளை வெட்டியெடுத்து ஆராய்வதுதான் என் முனைவர் பட்ட வேலை. டைனோசர்களும் அவற்றோடு பெரும்பாலான உயிரினங்களும் ஒழிந்துபோன காலத்தின் தடம் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் நம்பியிருந்த சாட்சிகள் இரண்டு. ஒன்று காந்தம். சேறு படிந்து பாறையாகும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அந்தக் காலத்து வடக்கைப் பார்த்தபடி நின்றுவிடும். அந்த அழிவு நடந்தபோது பூமியின் காந்தம் இன்றைக்கு இருப்பதற்குத் தலைகீழாக இருந்தது. என் பாறையும் தலைகீழாகத்தான் காட்டியது. இன்னொன்று இரிடியம் என்ற உலோகம். நம் காலடி மண்ணில் அது மிக மிக அரிது, விண்கற்களில் நிறைய உண்டு. மெல்லிய களிமண் அடுக்கு ஒன்றில் மட்டும் அது திடீரென்று கூடியிருந்தால் மேலேயிருந்து ஏதோ வந்து விழுந்திருக்கிறது என்று பொருள். என் பதினோராவது மாதிரி அப்படியொரு களிமண்.

அக்காவுக்கு இதில் பாதி புரிந்தது. அது போதும் அவளுக்கு. பத்தே நிமிடத்தில் லைன் முழுக்கச் செய்தி போய்விட்டது. "எந் தங்கச்சி வானத்துலருந்து விழுந்த இரிடியத்தக் கண்டுபிடிச்சிட்டா!" என்று அவள் சொன்னது இந்தக் கோடிவரை கேட்டது.

மதியம் என் ஆராய்ச்சி வழிகாட்டி பேசினார். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. திங்கட்கிழமை கருத்தரங்கில் இதை அறிவித்துவிடலாம் என்றார். பிறகு, சும்மா கேட்பதுபோல, "மாதிரிய அரைக்கும்போது கையில நகை எதுவும் இல்லையேம்மா? சில நகைகள்ல இரிடியம் இருக்கும், தூசி அளவு உதிர்ந்தாலே போதும், கணக்கு கெட்டுப்போயிடும்" என்றார்.

"இல்ல சார்."

அரை நொடிகூட யோசிக்கவில்லை நான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் விரலைப் பார்த்தேன்.

என் விரலில் ஒரு மோதிரம் உண்டு. ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தபோது அக்கா போட்டுவிட்டது. அவள் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கே நகை போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது. கழற்றினால் தொலைந்துவிடும் என்று அங்குள்ள பெண்கள் மோதிரத்தின் மேல் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொள்வார்கள், கேட்டால் விரலில் காயம் என்பார்கள். நானும் ஆய்வகத்தில் அதையேதான் செய்தேன். பிளாஸ்திரி சுற்றி, அதன்மேல் கையுறை. நமக்கு எதற்குப் படிப்பு!

பதினோராவது மாதிரியை அரைத்த அன்று கையுறை மோதிர விரலில் கிழிந்திருந்தது. பிளாஸ்திரி சுருண்டு தொங்கியது. மோதிரம் முழுக்கக் களிமண் அப்பியிருந்தது. பார்த்தேன். ஊதித் துடைத்தேன். நோட்டில் எழுதவில்லை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மோதிரம் சுத்தத் தங்கமாக இருந்தால் ஒரு பயமும் இல்லை, களிமண்ணில் இருக்கும் இரிடியம் களிமண்ணுடையதே. அதைப் பார்த்துவிடுவோம் என்று குன்னூர் கிளம்பினேன். மோதிரம் இறுக்குகிறது, பெரிதாக்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"இறுக்குதா? எளைச்சுத் துரும்பாக் கெடக்க, வெரலு மட்டும் பெருத்துப் போச்சா? இரு, நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

நகைக்கடையில் அளவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. தரம் பார்க்கும் மெஷினில் வைத்துப் பாருங்கள் என்றேன். அக்கா என்னை முறைத்தாள். மெஷின் ஓடிய நேரம் முழுவதும் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். சீட்டு வந்தது. கடைக்காரர் அதை இரண்டு முறை பார்த்தார்.

"ஏனுங்க, இத எங்க வாங்குனீங்க?"

"சந்தைக்கிட்ட ஒரு சின்னக் கடைங்க. இப்ப மூடிட்டாங்க. ஏன்?" என்றாள் அக்கா.

"பொடி கலந்துருக்காங்கங்க. இரிடியம்னு ஒண்ணு. தங்கத்தோட கரையாது, துகளு துகளா அப்படியே நிக்கும். தேய்ச்சா உதிரும்ங்க."

அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். மூன்று நாளாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சொல் அல்லவா? "ஏய், நீ கண்டுபிடிச்சது இதுதான?"

ஆமாம் என்று தலையாட்டினேன். மோதிரத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அவள் வெளியே நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை அந்தப் பழைய கடைக்காரனைத் திட்டித் தீர்த்தாள். "நாசமாப் போறவன்! தங்கச்சி படிக்கப் போறா, நல்லதாக் குடுங்கன்னு கெஞ்சிக் கேட்டேனே! அவன் கையில புழு வைக்க!"

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் அடங்கினாள். "அப்ப உன் மண்ணுல இருக்கறது வானத்துலருந்து விழுந்ததா, இதுலருந்து விழுந்ததா?"

"தெரியலக்கா. மீதிக் களிமண்ணு இருக்கு. மறுபடி அரைச்சாத்தான் தெரியும். ஒண்ணும் இல்லாமயும் போகலாம்." நான்கு வருட உழைப்பு.

"நகை போட்டிருந்தியான்னு சாரு கேக்கலியா?"

"கேட்டாரு."

"என்ன சொன்ன?"

வெளியே பார்த்தேன். "போடலன்னு சொன்னேன்."

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து மோதிரத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், அவள் திட்டியிருந்தால் தேவலாம். மெதுவாகத்தான் சொன்னாள்: "அவனும் அப்படித்தான்டி சொன்னான். ஒண்ணும் கலக்கல, நம்பி வாங்கிக்கம்மான்னு."

அரவேணுவில் இறங்கும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கிய இடத்திலேயே, கடை ஓரமாக நின்று போனை எடுத்தேன். முதல் தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. அக்கா போகாமல் பக்கத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மா, திங்கட்கிழமைக்குத்தான் படமெல்லாம் தயார் பண்ணிட்டிருக்கேன்" என்றார் சார், உற்சாகமாக.

"சார், பதினொண்ண அரைச்சப்ப என் கையில மோதிரம் இருந்துச்சு."