பதினான்கு பச்சைத் தண்டுகள்

அந்தத் தக்காளி விதைக் கம்பெனியில் அக்காவும் தங்கையும் இருபது வருடமாக ஒரே வலைக்கூடத்தில், அடுத்தடுத்த வரிசையில் மொட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட வேலை செய்யும் பெண்கள் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். பதிவேட்டில் வேறு பெயர் இருந்திருக்கும். அதை யார் போய்ப் பார்த்தார்கள்.

வேலை சொல்வதற்குச் சுலபம். தாய்ச்செடியில் நாளைக்கு விரியப்போகிற மொட்டை இன்றைக்கே இடுக்கியால் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் மகரந்தப் பையைப் பிய்த்துப் போட வேண்டும். மறுநாள் தகப்பன் செடியின் மகரந்தத்தை அதில் தடவ வேண்டும். பிய்க்காமல் விட்ட மொட்டு தன் மகரந்தத்தில் தானே காய்த்துக்கொள்ளும். அந்தக் காய் மற்ற காய்களோடு கலந்துவிட்டால் போச்சு, விதையை எப்படி உருட்டிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

முளைத்தால் தெரியும். தாய்க்குப் பச்சைத் தண்டு, தகப்பனுக்கு ஊதாத் தண்டு. இரண்டும் சேர்ந்து பிறக்கும் நாற்று அத்தனையும் ஊதாவாகவே இருக்கும். ஊதா முன்னால் வந்து நிற்க, பச்சை உள்ளே பதுங்கிக்கொள்ளும். தட்டில் ஒரு நாற்று பச்சையாக நின்றால், யாரோ ஒருத்தி ஒரு மொட்டைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள் என்று பொருள். யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஒவ்வொருத்தியின் முதல் பறிப்பு விதையிலும் நூறு எடுத்து, அவளுடைய வரிசை எண் போட்ட தட்டில் முளைக்க வைப்பார்கள். இரண்டு பச்சை வரை மன்னிப்பு. மூன்றாவது வந்தால் அடுத்த பருவத்துக்கு வேலை இல்லை.

கொஞ்ச நாளாகக் கிட்டத்தில் மங்கலாகத் தெரிந்ததால், இந்தத் தடவை தட்டை நினைத்தாலே பெரியவளுக்குப் பயமாக இருந்தது. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பச்சை வந்தால் கண் போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அவர்களுடைய அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் இரண்டு கண்ணும் போயிற்று. நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும் வியாதி, பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார்கள். பெரியவள் அம்மாவை உரித்து வைத்தாற்போல இருப்பாள். அதே நெற்றி, அதே சுருட்டை முடி, சிரித்தால் எட்டிப் பார்க்கிற அதே பல். சின்னவள் அப்பாவை அச்சில் வார்த்தவள். மூக்கு, பிடிவாதம், குறட்டை உட்பட. ஆகவே கண்ணும் பெரியவளுக்குத்தான் என்று உற்றார் உறவினர் எல்லாரும் கூடி முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்தவர் தலையெழுத்தைப் படிப்பதென்றால் எழுத்துக்கூட்டத் தெரியாதவனும் கடகடவென்று படிக்கிறான். அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் விஷயம் காதில் விழுந்ததும் நைசாக நழுவின. சின்னவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. முகத்தைப் பார்த்தார்கள், பேசி முடித்தார்கள்.

பெரியவள் தங்கை வீட்டிலேயே பின்னறையில் தங்கிப்போனாள். வருடம் தவறாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நரம்பு நன்றாகவே இருக்கிறது, இது வயதுக்கு வரும் வெள்ளெழுத்துதான், படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதை அவள் நம்பவில்லை. காலையில் தலை வாரும்போது எதிரே தெரிந்தது அம்மாவின் முகமாக இருந்தால் யாரைத்தான் நம்புவாள்? ஒரு கெட்ட செய்திக்காக இருபத்தைந்து வருடம் காத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அவள் களைத்துப்போயிருந்தாள். வருவது சீக்கிரம் வந்து தொலைந்தால் தேவலை என்றுகூடச் சில நாள் தோன்றியது.

தட்டுப் பார்க்கிற நாளில் சூப்பர்வைசர் கையில் பென்சிலோடு ஒவ்வொரு தட்டாக எண்ணிக்கொண்டு வந்தார். பெரியவளின் தட்டில் ஒரே ஒரு பச்சை. அவள் குனிந்து தானே இன்னொரு தரம் எண்ணினாள். ஒன்றுதான்.

அடுத்தது சின்னவளின் தட்டு. பென்சில் அங்கங்கே நின்று நின்று போயிற்று. பதினான்கு. சூப்பர்வைசருக்கே நம்பிக்கை வரவில்லை. அக்கா தங்கை எண் மாறியிருக்கும் என்று விதைப் பொட்டலத்தையும் பதிவையும் எடுத்துவரச் சொல்லிச் சரிபார்த்தார். எதுவும் மாறவில்லை.

பெரியவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த ஒரு நொடி நிம்மதிக்காகப் பிறகு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

அவள் நேரே தங்கையின் வரிசைக்குப் போனாள். குலைக்குக் குலை ஒரே கதை. நடுவில் இருந்த மொட்டுகளில் அப்பழுக்கில்லாத வேலை. ஓரத்தில் இருந்தவை தொடப்படாமல் தானாக விரிந்து தானாகப் பிஞ்சு விட்டிருந்தன. சின்னவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

“எத்தனை நாளாடி?”

“ரெண்டு வருஷம் இருக்கும்க்கா. நேரா பாத்தா எல்லாம் தெரியுது. பக்கவாட்டுலதான் கொஞ்சம் கொஞ்சமா மங்கி, இந்தப் பருவத்துல ஒண்ணும் தெரியல.”

“வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“உனக்குத்தான் வரும்னு சின்ன வயசுல இருந்து சொல்லிட்டாங்க. எனக்கு எப்படி வரும்? தூக்கம் பத்தலைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

பெரியவள் இந்த வேலைக்கு வருமுன் மூன்று வருடம் சோதனைப் பாத்தியில் இருந்தவள். அங்கே ஊதாத் தண்டும் வெட்டு இலையும் உள்ள செடியை, பச்சைத் தண்டும் அகல இலையும் உள்ள செடியோடு கலப்பார்கள். முதல் தலைமுறை முழுக்க ஊதாத் தண்டு, வெட்டு இலை. அதன் விதையைத் திரும்ப விதைத்தால்தான் வேடிக்கை. பதுங்கியதெல்லாம் வெளியே வரும், ஜோடி மாறியும் வரும். ஊதாத் தண்டில் அகல இலை இருக்கும், பச்சைத் தண்டில் வெட்டு இலை இருக்கும். தண்டு ஒரு வழியில் போகும், இலை இன்னொரு வழியில் போகும். ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்லவே முடியாது. பதினாறுக்கு ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று என்று ஏறக்குறைய விழும் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். ஆபீசில் இருந்த படித்தவர்களுக்கு எண்ணிக் கொடுத்ததே அவள்தான். ஆனால் வீட்டுக்குள் வந்ததும், மூக்கைப் பார்த்துக் கண்ணைச் சொன்ன கூட்டத்தில் அவளும் ஒருத்தியாக இருந்துவிட்டாள்.

மறுநாளே தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வருடா வருடம் அக்காவின் கையைப் பிடித்து அழைத்துவந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் சின்னவள்தான். இன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே வந்தாள். டாக்டரம்மா கருவியில் நெடுநேரம் பார்த்தார். போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் நாள் ரொம்பக் கடந்துவிட்டது என்றார். பிறகு என்னவோ யோசித்துப் பெரியவளின் பழைய ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார்.

“உங்க ஃபைல்ல, கூடப் பிறந்தவங்கங்கற இடத்துல, தங்கச்சி ஒருத்தி, கண்ணுல குறை இல்லைன்னு எல்லா வருஷமும் எழுதியிருக்கு. இவங்கள இங்க யாரும் பரிசோதிக்கலையே. யார் சொல்லி எழுதினாங்க?”

சின்னவள் மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நான்தாங்க சொன்னேன்,” என்றாள் பெரியவள். “அவ அப்பா சாடை, டாக்டர்.”